ரோதை முனிக்கு முதல் சொட்டு

மருதவீரன் தொட்ட இயந்திரம் ஓடாமல் நின்றதில்லை என்று இராசமணி எல்லோரிடமும் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள். கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முன்பின் தெரியாத பெண்ணாக இருந்தாலும், இறங்குவதற்குள் தம்பியின் கதையில் பாதியாவது அவள் காதில் விழுந்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தேயிலை ஆலையான ஸ்டோரில் எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்து, கொழுந்து உருட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிற அளவுக்கு வந்தவன். ஸ்டோரை மூடிய அன்று, எல்லோரும் சம்பளக் கணக்கைப் பேசிக்கொண்டு வாசலில் நிற்க, அவன் மட்டும் உள்ளே போய் பெரிய அச்சைத் துடைத்து, கிரீஸ் பூசி, சாக்குச் சுற்றிவிட்டு வந்தான்.

"மூடுற ஸ்டோருக்கு எதுக்குடா கிரீஸு?" என்று சிரித்தார்கள்.

"அது என்னா தப்பு பண்ணிச்சு?" என்றான்.

இந்த இடத்தை இராசமணி இரண்டு முறை சொல்வாள். அவள் அந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டியே நரைத்தவள். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவள் கையில் பால் குடித்து வளர்ந்தார்கள். ஆனால் அவள் வளர்த்த பிள்ளை என்று அவள் நினைத்தது தம்பியைத்தான். கட்டியவன் இளமையிலேயே போய்விட்டான். மருதவீரனின் மனைவி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். அக்காவும் தம்பியும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே கட்டிய சின்ன வீட்டில் இருந்தார்கள். அவன் கெலிஓயாவில் ஒட்டு வேலைக் கடையொன்றில் கேட்டும் கிரில்லும் செய்து காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் வதனா வந்தாள்.

வதனா யாழ்ப்பாணத்துப் பெண். தகப்பன் விவேகானந்தன் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்று, கண்டியிலேயே தங்கிவிட்டவர். மகள் வெளிநாட்டில் விஸ்கி வடிக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள். கலஹா ரோட்டிலிருந்து ஓடைக்கு இறங்கும் பாதையின் முடிவில், வெள்ளைக்காரன் காலத்துக் கல் மில் ஒன்று பாழடைந்து கிடந்தது. அதை அவர்கள் வாங்கியிருந்தார்கள். ஓடைத் தண்ணீரால் சக்கரம் சுற்றி, சோளமும் குரக்கன் என்கிற கேழ்வரகும் அரைத்த மில். அதே சக்கரத்தில், அதே கல்லில், அதே தானியங்களை அரைத்து விஸ்கி வடிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"மின்சாரத்தில அரைக்கலாம் மருதண்ணை. ஆனா எனக்கு அந்தச் சில்லுத்தான் சுத்த வேணும். ஆரைக் கேட்டாலும் உங்கட பேரைத்தான் சொல்லினம்" என்றாள்.

மருதவீரனின் முகம் எரிய விட்ட விளக்குப் போலாகிவிட்டது. இராசமணியோ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

தோட்டத்து ஆட்களுக்குத் தண்ணீரில் சுற்றும் சக்கரம் என்றால் ரோதை. ஒவ்வொரு ரோதைக்கும் ஒரு முனி உண்டு. ஸ்டோரின் ஓரத்தில் ஒரு கல்லும் சூலமுமாக நிற்பார். அவருக்குச் சேவலும் சாராயமும் சுருட்டும் தவறாமல் போனால், ரோதை கையையும் காலையும் கேட்காது. அந்த மில்லில் சடையன் என்றொரு ரோதைக்காரன் இருந்தான். இராசமணி சிறு பிள்ளையாக இருந்த காலம். ஒரு நாள் சக்கரத்தில் மரக்கிளை சிக்கி நின்றுவிட்டது. சடையன் தண்ணீரை மறிக்கும் பலகையை இறக்கிவிட்டுத்தான் சக்கரம் நிற்கும் குழிக்குள் இறங்கினான். பலகை இறங்கித்தான் இருந்தது. பிறகு போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஆனாலும் ரோதை சுற்றியிருந்தது. அந்த வருடம் முனிக்குப் பூசை போடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதோடு மில் நின்றது. அந்தப் பக்கம் யாரும் விறகுக்குக்கூடப் போவதில்லை.

வதனா போன பிறகு இராசமணி சொன்னாள்: "அந்தக் குழிக்குள்ள நீ எறங்கக் கூடாது."

"எறங்காம எப்படிக்கா ரோதை செய்றது? மேல இருந்து மந்திரம் போடுறதா?"

"சடையன எடுத்துச்சே."

"சடையனுக்குப் பூசை போடல. நம்ம போடுவோம்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "வாழ்நாளெல்லாம் மத்தவன் ரோதைக்கு எண்ணெ போட்டேன். இது நான் சுத்த வக்கிற ரோதை. நீயே பஸ்ஸுல போய்ச் சொல்லலாம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் சம்மதமாயிற்று. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். முனிக்குரியது எதுவும் ஒரு முறைகூடத் தவறக் கூடாது. எல்லாவற்றிலும் முதல் பங்கு அவருக்கு. தம்பி குழிக்குள் இறங்கி ஏறுகிற ஒவ்வொரு நாளும் அவன் உயிர் அந்தப் பூசையில்தான் தொங்குகிறது என்று அவள் நம்பினாள்.

வேலை ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை நீண்டது. மருதவீரன் முதலில் செய்தது சக்கரத்தைத் தொடுவதல்ல. மில்லுக்குப் பின்னால், வேர்கள் பிடித்து மூடியிருந்த முனியின் கல்லைத் தேடி எடுத்து, பாசியைச் சுரண்டி, எண்ணெய் வைத்தான். பிறகுதான் குழியின் சேற்றை அள்ளினான். அச்சு ஒரு பக்கம் வளைந்திருந்தது. நெருப்பில் வாட்டி, நூல் பிடித்துப் பார்த்து, மறுபடி வாட்டி நேராக்கினான். சக்கரத்தில் தண்ணீரை ஏந்தும், உக்கிப்போன தட்டுப் பலகைகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் அளந்து, அதே அளவில் புதுப் பலகை அறுத்தான். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பீலியைச் சாய்வு பார்த்து மாற்றிக் கட்டினான். அரைக்கும் கல்லின் தேய்ந்த வரிகளை உளியால் கொத்தும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். சோறு கொண்டுபோகும் இராசமணி வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். உள்ளே போகமாட்டாள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த தச்சு வேலை செய்யும் பாஸ் பாதியில் நின்றுகொண்டார். முதல் நாள் அறைந்த பலகைகள் மறுநாள் காலையில் உள்பக்கம் ஈரமாக இருப்பதாகச் சொன்னார். பீலியில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பாஸ் கருவிகளை எடுத்துக்கொண்டு போனவர்தான். மிச்சக் கூலிக்குக்கூட வரவில்லை.

ஒரு நாள் மருதவீரன் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காராமல், உள்ளங்கையை அக்காவின் முகத்தருகே நீட்டினான்.

"மோந்து பாரு."

குரக்கன் மாவு. அப்போதுதான் அரைத்த மாவின் வாசம்.

"நேத்துக் கொத்துன வரியெல்லாம் மாவு. கையில தொட்டாச் சூடு" என்றான். மில்லுக்கு இன்னும் ஒரு பிடி தானியம் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் பயப்படவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. புது மாப்பிள்ளையைப் போல ஒரு சிரிப்பு அவன் வாயோரத்தில் இருந்தது.

அதன் பிறகு மாலை வேளைகளில், வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று தலையைச் சாய்ப்பான்.

"ரோதை சுத்துதுக்கா."

"பலகை எறக்கித்தானே வச்சிருக்க?"

"எறக்கித்தான் இருக்கு." காது கொடுத்துக் கேட்பான். "நல்லாச் சுத்துது. அச்சுல சத்தமே இல்ல."

இராசமணியும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். தவளைச் சத்தமும், லயத்தில் யாரோ பிள்ளையை ஏசும் சத்தமும்தான் கேட்கும்.

சக்கரம் உண்மையாகவே சுற்றிய நாளில் தோட்டமே இறங்கி வந்துவிட்டது. எலுமிச்சம்பழங்களைத் தட்டுக்கு அடியில் வைத்து, சேவலை அறுத்து, பலகையைத் தூக்கினான். தண்ணீர் முதல் தட்டில் விழுந்தது, நிறைந்தது, அடுத்ததில் விழுந்தது. கிழவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவது போல ரோதை ஒரு முறை முனகியது. பிறகு சுற்றியது. கெலிஓயாவில் திரீவீல் ஓட்டும் ஷிஹாப் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்க தம்பி" என்று இராசமணி கூப்பிட்டாள்.

"வேணாக்கா, இங்கேருந்தே தெரியிது. எங்க வாப்பா கஞ்சிக்கு மாவு அரைக்க வந்த மில்லு. இப்ப அதே குரக்கன நீங்க போத்தல்ல ஊத்தப் போறீங்க. கேட்டத் தாண்டினா உம்மா என்னய வீட்டத் தாண்ட விடமாட்டா."

"அப்ப சக்கரத்த மட்டும் பாரு. அது ஹலால்தான்" என்றான் மருதவீரன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று இராசமணி தம்பியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியொரு நாள் அவளுக்கு வாய்த்ததேயில்லை.

சோளம் வந்தது. முளைகட்டிய குரக்கன் வந்தது. அரைத்த மாவு ஊறலாகிப் பெரிய தொட்டியில் நுரைத்தது. வடிக்கும் செம்புப் பானை, ஆள் உயரத்துக்கு மேல், மூக்கு நீண்டு, மில்லின் நடுவில் உட்கார்ந்திருந்தது. வதனா அதைப் புளித்த காடி ஊற்றிக் கழுவி வைத்திருந்தாள். ஆனால் மதுவரி அதிகாரி வந்து நின்றால்தான் வடிக்கலாம். முதல் வடிப்பு அவர் கண்முன்னே நடக்க வேண்டும். ஒரு கோப்பைகூடக் கணக்குக்கு வெளியே போகக் கூடாது. அதிகாரிக்கு வேறு வேலைகள். வருகை தள்ளித் தள்ளிப் போயிற்று. மழை விடாமல் பெய்தது. கழுவிய பானையும் அதன் நீண்ட குழாயும் அந்த ஈரத்திலேயே காத்துக் கிடந்தன.

வடிப்பதற்கு முதல் நாள் மருதவீரன் வதனாவிடம் முனியின் பங்கைக் கேட்டான். அவள் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலை, அன்று மாலை அடுப்படியில் அக்காவிடம் சொன்னான்.

"மொதல்ல வர்றது ஆகாதாம். புதுப் பானையக் கழுவுறதுக்கு ஓட்டுறதாம். அத ஊத்திருவாங்களாம். அப்புறமா நடுவுல வர்றதுதான் நல்லதாம். அதுல சாமிக்கு ஒரு கிளாஸ் தர்றேன்னு சொல்லுது மிஸ்."

இராசமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நடுவுல வர்றதா? சாமிக்கா?"

"அதான் நானும் சொன்னேன்."

"ஸ்டோர்ல மொத கொழுந்து அரைச்சா, மொத தேயில யாருக்கு வச்சோம்? தொரை குடிச்சிட்டு மிச்சத்தையா வச்சோம்?" அவள் குரல் உயர்ந்தது. "நீ அந்தக் குழில எறங்கி ஏறுற. எனக்குத்தான் தெரியும் என் வயித்துல என்னா இருக்குன்னு. ரெண்டாவத வச்சு அவர ஏமாத்தாத."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றான் அவன். இருவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. முதலில் வருவது எதுவோ அது சாமிக்கு. மனிதருக்கு ஆகாது என்று ஒருவர் ஒதுக்குவதுகூட, சாமியுடையது என்பதால்தான் என்று அவர்களுக்குப் பட்டது.

மறுநாள் அதிகாரி வந்தார். அடுப்பு மூட்டினார்கள். குழாயின் வாயிலிருந்து முதல் சொட்டு விழுந்தபோது மருதவீரன்தான் கலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளையாக இல்லை. பச்சையும் நீலமுமாக, மயில் கழுத்து நிறத்தில் சொட்டியது. அவன் மெய் சிலிர்த்துப் போனான். வதனா எட்டிப் பார்த்து, "பாத்தீங்களோ, பானையின்ர ஊத்தை. இதை முழுக்க ஊத்திவிடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு அதிகாரியிடம் பேசப் போனாள். அவன் கலத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் ஊற்றினான். எல்லாவற்றையும் ஊற்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், வதனாவும் அதிகாரியும் போன பிறகு, அக்காவும் தம்பியும் கல்லுக்கு முன் படையல் போட்டார்கள். சேவல் கறி, அவித்த முட்டை, பொரி, சுருட்டு. மருதவீரன் சட்டைக்குள்ளிருந்து போத்தலை எடுத்தான். கடைசி வெளிச்சத்தில் அந்த நீலம் ஒளிர்ந்தது. வீட்டுச் செம்புக் குடத்தில் அந்த நிறத்தைக் கண்டிருந்தால் இராசமணி புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருப்பாள். களிம்பேறிய பாத்திரத்தில் ரசம்கூட வைக்காதவள் அவள். ஆனால் இது ரோதை முனியின் கல்லுக்கு முன்னால், அவருடைய மில்லில் வந்த முதல் சொட்டு. அவள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

முதல் கிளாஸைக் கல்லின் மேல் ஊற்றினான். இரண்டாவதைப் படைத்தவன் குடிக்க வேண்டும். சாமி அவன் வாயால் குடிப்பதாக ஐதீகம். மூச்சு விடாமல் குடித்தான். முகம் கோணியது. மிச்சம் வைத்தால் குறை என்று, போத்தலில் இருந்ததையும் குடித்தான்.

சுருட்டுப் புகை கல்லின் பின்னாலிருந்து வந்தது. வைத்த சுருட்டை இன்னும் பற்றவைக்கவில்லை.

மருதவீரன் குனிந்தபடி, அவனுடையதில்லாத கரகரத்த குரலில், "நல்ல பசி" என்றான். "எத்தன வருசப் பசி."

அவனுக்கு அதற்கு முன் சாமி வந்ததேயில்லை. இராசமணி மண்ணில் விழுந்து கும்பிட்டாள். "ஏத்துக்கிட்டியா சாமி? எந் தம்பிய விட்டுருவியா?" என்று கேட்டாள். பதிலுக்கு வாந்திச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். பொரியின் மேலும் முட்டையின் மேலும் அவன் கக்கியது அதே மயில் கழுத்து நிறத்தில் கிடந்தது.

ஷிஹாபுக்குப் போன் போனதும் பறந்து வந்தான். இந்த முறை கேட்டைப் பார்க்கவில்லை. திரீவீலை உள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். "யா அல்லாஹ், என்னக்கா இது, வாயெல்லாம் நீலம்" என்று சொல்லிக்கொண்டே அவனைத் தூக்கிப் போட்டான். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் மருதவீரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மடியில் சுருண்டான். இடையில் ஒரு முறை தெளிந்த கண்களோடு அவளைப் பார்த்தான்.

"மில்லுல குடிச்சேன்னு சொல்லிறாத."

"வாய மூடிக்கிட்டுப் படுடா."

"கேளுக்கா. எக்சைஸ்காரன் கணக்குல அது இல்ல. தெரிஞ்சா மூடிருவான். ரோதை நின்னுரும்." அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். "சத்தியம் பண்ணு. என் மேல வேணாம். ரோதை மேல பண்ணு."

அவள் பண்ணினாள். அவனை அமைதிப்படுத்த அந்த நேரத்தில் எதன் மேலும் சத்தியம் பண்ணியிருப்பாள்.

பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் டொக்டர் மின்ஹா. தலையை மூடிய இளம் பெண். பேச்சில் பதற்றமே இல்லை.

"கசிப்பா அம்மா? கள்ளச் சாராயமா?"

இராசமணி தம்பியின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"கசிப்புன்னா சொல்லுங்க. நான் போலீசில்ல. அதுக்கு ஒரு மருந்து இருக்கு. வேற என்னவும்னா அதுக்கு வேற மருந்து. தெரியாமக் குடுத்தா பிரயோசனமில்ல."

"தெரியலம்மா" என்றாள்.

டொக்டர் கசிப்பென்றே எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கச் சொன்னார். பிறகு, "அவரு சிறுநீர் கறுப்புக் கோப்பி மாதிரிப் போகுது. சிறுநீரகத்தப் பிடிக்குது. யோசிச்சிட்டுச் சொல்லுங்க. ஆனா சுருக்கா யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கட்டிலில் மருதவீரனின் கண்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே, கட்டிலின் கால்மாட்டில் யாரையோ பார்த்தான். "வர்றேண்ணே" என்றான், மரியாதையாக. "அச்சுல கிளை மாட்டிருச்சா? பலகைய எறக்கிட்டு வர்றேன்."

இராசமணி திரும்பவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். சுத்தமாகத் துடைத்த சிவப்புச் சீமெந்துத் தரையில், கால்மாட்டில் ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் தலைமாட்டை நோக்கி ஓர் அடி நகர்ந்தது.

ரோதை வேண்டும் என்றவன் அவன். ரோதை நின்றால் அவன் முகத்தில் எந்த விளக்கு அணையும் என்று அவளுக்குத் தெரியும். சத்தியம் மீறினால் ரோதை யாரைக் கேட்கும் என்பதும் தெரியும். ஆனால் ரோதை சுற்றிக்கொண்டிருக்க அவன் இல்லாமல் போனால், அவள் பஸ்ஸில் யாரிடம் எதைச் சொல்வாள்?

அவள் எழுந்து ஓடிப்போய் டொக்டரின் கையைப் பிடித்தாள்.

"கசிப்பு இல்லம்மா. விஸ்கி மில்லுல, புதுச் செம்புப் பானைல மொதல்ல வந்தது. நீலமா இருந்துச்சு. மயில் கழுத்து மாதிரி. அந்தப் பானை ஈரத்தோட மழை முழுக்கக் கெடந்துச்சு." இதைச் சொல்லும்போதே, தானே சொன்னதைத் தானே கேட்டு அவள் திகைத்தாள். "களிம்பு. அது களிம்பும்மா. எந் தம்பி களிம்பக் குடிச்சிருக்கான்."

டொக்டர் மின்ஹாவின் முகம் மாறியது. தாதியிடம் சிங்களத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார். எல்லோரும் ஓடினார்கள். இராசமணி திரும்பி வந்து பார்த்தபோது கட்டிலருகே தரை காய்ந்திருந்தது.

விஷயத்தை மறைக்க வதனா சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இராசமணி எல்லாவற்றையும் சொன்னதும், அவள் தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஊத்தச் சொன்னனான். ஏன் ஊத்த வேணும் எண்டு வடிவாச் சொல்லேல்லை. நஞ்செண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." பிறகு கண்ணைத் துடைத்தாள். "நானே போய் எக்சைஸ் ஆக்களிட்டச் சொல்லுறன். வேற ஆரும் சொல்லித் தெரிய வேண்டாம்."

மில் மூடப்பட்டது. தண்ணீர்ப் பலகையைக் கம்பியால் கட்டி முத்திரை வைத்தார்கள்.

மருதவீரன் பிழைத்தான். ஆனால் நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவன் பழைய ஆள் இல்லை. உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. சாராய வாடையே ஆகாது. இவற்றையெல்லாம் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் கேட்டான். அக்காவோடு மட்டும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான். குவைத்திலிருந்து மனைவி போன் பண்ணினால், "இருக்கேன்" என்றான். இராசமணி ஏதாவது கேட்டால் எழுந்து வெளியே போனான்.

ஒரு மாலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓடைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. தட்டு நிறைவதும், சாய்வதும், அடுத்தது நிறைவதும். அச்சில் முனகல் இல்லை. அவ்வளவு சுத்தமான சுழற்சி.

"மருது," என்றாள், "பலகையத் தொறந்துட்டாங்களா? ரோதை சுத்துதே?"

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். பிறகு அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டான். அவனுக்கு அது இப்போது கேட்கவில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அவனை விட்டுவிட்டது. சத்தியம் பண்ணியவளைக் கேட்கிறது. கேட்கட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் கேட்டது. அடுப்பில் கைவைத்தால் விரலில் குரக்கன் மாவு வாசம் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாசலைக் கூட்டி, விளக்கை வைத்து, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விசாரணை முடிந்து, தண்டமும் கட்டி, வதனாவுக்கு மறுபடி அனுமதி கிடைக்க அடுத்த மழைக்காலம் தாண்டிவிட்டது. பானையை ஆள் வைத்துச் சுரண்டிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி வடித்தார்கள். அன்று மாலை வதனா முனியின் கல்லுக்கு ஒரு கிளாஸோடு வந்தாள். உள்ளே வெறும் தண்ணீர் போலத் தெளிந்த திரவம்.

"நடுவில வந்தது. எக்சைஸ் கணக்கிலயும் எழுதியாச்சு, கோயிலுக்கு எண்டு. அந்த ஐயா சிரிச்சவர்" என்றாள். "ஆர் வைக்கிறது?"

மருதவீரன் தள்ளி நின்றான். அவன் குடிக்கக் கூடாது. லயத்து ஆண்கள் யாரும் அந்தக் கல்லுக்கு வரத் தயாராக இல்லை. முனிக்குப் பெண்கள் படைக்கும் வழக்கம் இல்லை. இராசமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"குடுங்க மிஸ்."

பாதியைக் கல்லின் மேல் ஊற்றினாள். "மொதல்ல குடுத்தது நஞ்சு. தெரியாமக் குடுத்தோம்" என்றாள். "நடுவுல வந்ததுதான் நல்லதுன்னு படிச்சவங்க சொன்னாங்க, நான் கேக்கல. சத்தியத்த மீறினதும் நான்தான். எதுன்னாலும் என்கிட்ட கேளு. இந்த மில்லுல எறங்கி ஏறுறவன்கிட்ட கேக்காத."

மிச்சப் பாதியை வாயருகே கொண்டுபோனாள். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாதவள். ஒரே மடக்காகச் சாய்க்கப் போனாள்.

"மெதுவாக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒரேயடியா ஊத்தாத. நெஞ்சு எரியும்."

மருதவீரன்தான். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். நெருப்பு இறங்கியது, அதன் அடியில் சுட்ட சோளத்தின் இனிப்பு.

முனிக்குப் படைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். மூவரும் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினார்கள். வதனா முன்னால் போனாள். மருதவீரன் அக்காவின் பக்கத்தில் வந்து, அவள் தள்ளாடாதபடி முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்டா, நான் நல்லாத்தானே நடக்குறேன்?"

"அரை கிளாஸுக்கே ரோட்ட அளக்குற. நாளைக்கி பஸ்ஸுல யார்கிட்ட என்னா சொல்லுவியோ."

அவள் சிரித்தாள். அப்போதுதான் பின்னால், கல்லின் பக்கம், குடித்து முடித்த ஆண்பிள்ளை ஒருவர் திருப்தியாகச் செருமுவது கேட்டது. வதனாவின் நடை ஒரு கணம் தடைப்பட்டது. மருதவீரனின் விரல்கள் அக்காவின் முழங்கையை இறுக்கின.

"நட" என்றாள் இராசமணி, தாழ்ந்த குரலில். "ரெண்டு பேரும் நேராப் பாத்து நடங்க. என்னயத்தான் கூப்புடுறாரு."